துரத்திக்கொண்டே வரும் வண்டி

சாலையோரம் கிடந்த ஒரு பாலித்தீன் பை காற்றில் எழும்பினால் போதும், நானூறு கிலோ எடையுள்ள குதிரை மிரண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடிவிடும். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு குதிரை பழனி அடிவாரத்தில் கடகடவென்று உருளும் வண்டியை வாலுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நிதானமாக நடக்கிறது. பையாவது ஒரு நொடி பறந்து விழுந்துவிடும். வண்டியோ குதிரை நடந்தால் நடக்கும். ஓடினால் அதே வேகத்தில் ஓடிவரும். எந்தத் திருப்பத்திலும் தப்பவிடாது. புல் தின்று, புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து வாழ்ந்த ஒரு விலங்குக்கு இதைவிட விடாப்பிடியான எதிரி இருக்க முடியாது.

பிறகு குதிரை எப்படி வண்டி இழுக்கிறது? ‘பழக்கம்தான்’ என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அந்தப் பழக்கம் எப்படி உண்டாகிறது, ஏன் சில குதிரைகளுக்கு அது வாய்ப்பதே இல்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. பதில் தேட ஒரு கடினமான மாணவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வோம்: எதற்கெடுத்தாலும் மிரளும் ஒரு மினியேச்சர் குதிரை.

சின்ன உடம்பு, போதுமான பலம்

மினியேச்சர் குதிரை என்பது குட்டி அல்ல. முழு வளர்ச்சி பெற்றும் சிறியதாகவே இருக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம். 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம், பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். இந்த இனத்தின் முன்னோர்களில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுக் குதிரைகளும் உண்டு. 1842இல் பிரிட்டன் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தபின், அவர்கள் இழுத்த நிலக்கரி வண்டிகளை இழுக்க இறக்கப்பட்டவை இத்தகைய குள்ளக் குதிரைகளே.

இவ்வளவு சிறிய விலங்கு ஆளை உட்கார வைத்து வண்டி இழுக்குமா? முதுகில் என்றால் முடியாது. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 90 கிலோ மினியேச்சருக்கு அது 18 கிலோ; சின்னக் குழந்தைதான் ஏறலாம். வண்டியில் கணக்கே வேறு. சுமையைத் தாங்குவது சக்கரமும் தரையும். குதிரை செய்வதெல்லாம் சக்கரத்தை உருட்டுவது மட்டும். கெட்டியான சமதரையில் நல்ல சக்கரத்தை உருட்ட, மொத்த எடையில் நூறில் இரண்டு மூன்று பங்கு விசை போதும். 40 கிலோ வண்டியும் 65 கிலோ மனிதரும் சேர்ந்து 105 கிலோ என்றால், இரண்டு மூன்று கிலோவைத் தூக்கும் அளவு விசையே தேவை. கிளப்பும்போது கொஞ்சம் கூடும். மணலிலும் மேட்டிலும் பல மடங்காகும்.

ஆக, பலம் ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று வயது நிறைந்து எலும்பு முற்றிய, ஆரோக்கியமான மினியேச்சர் எதுவும் சமதரையில் இந்த வண்டியை இழுத்துவிடும். தடையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கிறது.

ஏறக்குறைய முழு வட்டம் பார்க்கும் கண்

நமக்கு இரு கண்ணும் முகத்தின் முன்னால். குதிரைக்கோ பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 350 பாகை வரை பார்க்கின்றன. முழு வட்டத்துக்குப் பத்தே பாகைதான் குறைவு. நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும் தெரியாது. பச்சை, சிவப்பு வேறுபாடு அதற்குச் சரியாகப் பிடிபடாது. ஆனால் ஓரத்தில் ஒரு துணி அசைந்தால் தலையைத் திருப்பாமலே கண்டுபிடித்துவிடும். மேயும்போதும் காவல் காக்க இயற்கை கொடுத்த வசதி இது.

வண்டியை நிறுத்தும் இடமோ சரியாக அந்தத் தெரியாத பகுதியில். நேர் பின்னே வண்டியின் உடல் மறைந்திருக்க, சக்கரத்தின் ஓரங்கள் மட்டும் இரு கண்களின் கடைக்கோடியில் சுழன்று தெரியும். கூடவே சத்தம். மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடும். குதிரையின் காது 33,000ஐயும் தாண்டிக் கேட்கும். சங்கிலியின் உரசல், அச்சின் கீச்சு என்று நாம் கவனிக்காததெல்லாம் அதற்குக் கேட்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டினும் சக ஆய்வாளர்களும் செய்து 2021இல் வெளியிட்ட சோதனையில், குழந்தைகளின் விளையாட்டுச் சாதனம் ஒன்றுக்குக் குதிரைகளை நன்றாகப் பழக்கினார்கள். பிறகு அதே சாதனத்தைத் திருப்பி வைத்தார்கள். பழகிய குதிரைகள் புதிய பொருளைக் கண்டதுபோல மீண்டும் மிரண்டன. முன்னாலிருந்து பார்த்த வண்டியும் பக்கத்திலிருந்து பார்க்கும் வண்டியும் குதிரைக்கு ஒரே வண்டியாக இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பாடத்தையும் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை எனத் தனித்தனியாக நடத்தவேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது வீண் பிடிவாதமல்ல.

ஒரே சத்தம், இரண்டு முடிவுகள்

தீங்கில்லாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடுகிறது. இதைப் ‘பழகிப்போதல்’ என்போம். ரயில் பாதையோரம் குடியிருப்பவர் நள்ளிரவு ரயிலுக்கு விழித்துக்கொள்ளாதது இதனால்தான். ஆனால் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கிறது. பயம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், அடுத்த முறை அதே சத்தம் பாதி அளவில் வந்தாலும் உடல் இரட்டிப்பாக எகிறும். இதை ‘மிரட்சி ஏறுதல்’ என்று அழைக்கலாம்.

ஒரே சத்தம் ஒருநாள் பழகிப்போவதும் இன்னொரு நாள் மிரட்சி ஏறுவதும் எதைப் பொறுத்தது? அது எவ்வளவு பலமாக வருகிறது, விலங்கு அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே கவனிக்கும், யோசிக்கும், கற்கும். அதற்கு மேலே போனால் ஓடுவது ஒன்றே நினைவில் இருக்கும். இந்தக் கோட்டை ‘மிரள்வரம்பு’ எனக் குறிப்போம். நிம்மதியாக நிற்கும் பெரிய குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். மிரண்ட சில விநாடிகளில் அது நூறைத் தாண்டிவிடும். அந்த நிலையில் எந்தப் பாடமும் ஏறாது.

மிரள்வரம்புக்குக் கீழேயே வைத்துக்கொண்டு அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதுதான் ‘படிப்படிப் பழக்கம்’. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டை நாளுக்கு நாள் சற்று அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். மனிதரின் அச்ச நோய்களுக்கு இன்றும் அளிக்கப்படும் சிகிச்சைக்கு இதுவே முன்னோடி.

குதிரைகளில் இதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் யான்னே வின்தர் கிறிஸ்டென்சன். 2006இல் வெளியான அந்த ஆய்வில் 27 இளம் ஆண் குதிரைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. பயமுறுத்தும் பொருள் ஒரு பெரிய வெள்ளை நைலான் பை. முதல் குழுவுக்கு முழு அசைவோடு அப்படியே காட்டினார்கள். இரண்டாம் குழுவுக்குச் சிறுகச் சிறுக அறிமுகப்படுத்தினார்கள். மூன்றாம் குழுவுக்குப் பையையும் உணவையும் முடிச்சுப் போட்டார்கள். சிறுகச் சிறுகப் பழகிய குழுவே குறைவாக மிரண்டது, குறைந்த பாடங்களில் தேறியது. அதில் தேறாத குதிரை ஒன்றுகூட இல்லை. மற்ற இரு குழுக்களிலும் கடைசிவரை பழகாதவை இருந்தன. சுற்றுவழிபோலத் தோன்றியதே சுருக்கமான வழியாக முடிந்தது.

பெப்பரின் பாடங்கள்

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பண்ணை ஒன்றில் ஒரு பெண் மினியேச்சர் குதிரை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் பெப்பர், வயது ஐந்து, எடை 90 கிலோ. வாளி சரிந்தால் துள்ளுவாள். பின்னால் யாராவது வந்தால் வாலை இடுக்கிக்கொள்வாள். ‘வண்டிக்குப் பழக்கு’ என்ற ஒரு வேலையை அவளுக்காக உடைத்தால் அதற்குள் குறைந்தது ஐந்து தனித்தனி பயங்கள் இருப்பது தெரியும்: உடம்பில் இறுகும் வார், பின்னாலிருந்து வரும் கட்டளை, தொடர்ந்து வரும் சத்தம், விலாவில் இடிக்கும் மரம், பின்னோக்கி இழுக்கும் பாரம். ஒரு பாடத்தில் ஒரே ஒரு பயம். இரண்டைச் சேர்த்தால் கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு.

முதலில் வார்கள். மார்பைச் சுற்றும் மார்வார், முதுகுச் சேணம், வயிற்றுப்பட்டை, பின்தொடையைச் சுற்றும் பின்வார். பின்வார்தான் வண்டிக்கு பிரேக். இறக்கத்தில் வண்டி முன்னோக்கி உருளும்போது குதிரை அதில் சாய்ந்து தடுக்கும். பழகாத குதிரைக்கோ தொடையை ஏதோ பிடித்ததுபோலிருக்கும். அதனால் முதலில் ஒரு மெல்லிய கயிற்றைத் தொடைமேல் போட்டு, கையால் லேசாக இழுத்து, பெப்பர் தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டதும் தளர்த்துகிறோம். தளர்த்துவதுதான் பரிசு.

அடுத்து, பின்னால் நடப்பவர். இதுவரை பெப்பரைக் கழுத்தருகே நின்று நடத்தினோம். இனி நீண்ட லகான்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் சற்றுப் பக்கமாக நடந்து ‘நட’, ‘நில்’, ‘திரும்பு’ சொல்கிறோம். முதல் நாட்களில் இன்னொருவர் தலைப்பக்கம் கூடவே வருவார். வண்டிக்குப் போகுமுன் இந்தப் பாடம் எவ்வளவு உறுதியாகிறதோ அவ்வளவு நல்லது. குறிப்பாக ‘நில்’. சத்தத்துக்கு நடுவிலும் ஒரு சொல்லுக்கு நிற்கத் தெரிந்த குதிரைக்கு, பயம் வரும்போது ஓடுவதைத் தவிர வேறொரு வழியும் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது சத்தம். இங்கே ஓர் அழகான உத்தி இருக்கிறது. வண்டியைப் பெப்பருக்குப் பின்னால் கொண்டுவராமல், வேறொருவர் அதை அவளுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போவார், பெப்பர் பின்தொடர்வாள். விலகிப் போகும் பொருள் எதிரியாகத் தெரியாது. இரண்டு மூன்று சுற்றில் பயம் குறைந்து ஆவல் தலைதூக்கும். கிட்டே போய் முகர்ந்து பார்ப்பாள். பிறகு வண்டி பக்கவாட்டில் வரும், முதலில் இடம், அப்புறம் வலம். கடைசியாகத்தான் பின்னால், அதுவும் தூரத்தில். புல்தரையில் தொடங்கிப் பிறகு சரளைக்கல். ஏனென்றால் சரளையில் சத்தம் பல மடங்கு.

நான்காவது, ஏர்க்கால்கள். குதிரையின் இருபுறமும் நீளும் அந்த இரண்டு மரங்கள் திரும்பும்போது விலாவையும் தோளையும் தள்ளும். உடலை வளைத்துத் திரும்பிப் பழகிய பெப்பர் இனி முன்காலைக் குறுக்காக எடுத்து வைத்துத் திரும்பவேண்டும். இதற்கு வண்டி தேவையில்லை. இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் போதும். இரண்டு பேர் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்து, திருப்பத்தில் மெல்லத் தொடவிடுவார்கள். மிரண்டால் உடனே குழாயைக் கீழே போட்டுவிடலாம். இந்தக் கட்டம்வரை வார்களைத் தவிர வேறெதையும் பெப்பரோடு இறுகக் கட்டுவதில்லை.

ஐந்தாவது பாரம். மார்வாரிலிருந்து பின்னோக்கிப் போகும் இரண்டு இழுவார்களைப் பின்னால் வருபவர் கையில் பிடித்துக்கொண்டு லேசாக எதிர்த்து இழுப்பார். பெப்பர் மார்பை அழுத்தி ஓரடி வைத்ததும் தளர்த்துவார். எதிர்ப்பு வந்தால் முன்னோக்கிச் சாய்ந்தால் போதும், அது கரைந்துவிடும் என்பதை அவள் உடம்பு கற்றுக்கொள்ளும். அதன் பிறகு லேசான டயர் ஒன்று இழுபடும்; அதன் கயிறும் மனிதர் கையிலேயே.

இந்த ஐந்தும் தனித்தனியே சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான பிறகுதான் வெறும் வண்டியைப் பூட்டுவது. தலைப்பக்கம் ஒருவர், பின்னால் லகானுடன் ஒருவர், ஆள் ஏறாத வண்டி, பத்தடி நடை, நிறுத்தம், அவிழ்ப்பு. பாடம் நன்றாகப் போகும்போதே முடித்துவிடவேண்டும். ‘இன்னும் ஒரு சுற்று’ என்ற ஆசையில்தான் பல குதிரைகள் மிரள்வரம்பைத் தாண்டுகின்றன.

கண்மறைப்பு எதற்கு?

வண்டிக் குதிரையின் கண்ணோரம் தோல் பட்டை ஏன் கட்டுகிறார்கள் என்பதற்கு விடை இப்போது எளிது. 350 பாகைப் பார்வையில் பின்பகுதியை மறைத்துவிட்டால் சுழலும் சக்கரமும் சாட்டையின் அசைவும் தெரியாது. ஆனால் பயத்தைக் கண்மறைப்பால் மூடிவிட்டு வண்டி பூட்டுவது ஆபத்தான குறுக்குவழி. கண்ணால் காணாத பொருளின் சத்தம் அப்படியே இருக்கும். அதனால் பல பயிற்சியாளர்கள் முதலில் திறந்த கண்ணோடு வண்டியைக் காட்டிப் பழக்கிவிட்டு, அப்புறம் கண்மறைப்பைப் போடுகிறார்கள்.

வண்டி ஓட்டுபவர்களிடையே உலகெங்கும் மாறாத ஒரு விதி உண்டு: வண்டி பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை ஒருபோதும் கழற்றாதே. காரணம் இரண்டு. லகான் கையைவிட்டுப் போய்விடும் என்பது ஒன்று. கடிவாளத்தோடு கண்மறைப்பும் கழன்றுவிட, அதுவரை சத்தமாக மட்டும் இருந்த வண்டி திடீரென்று முழு உருவத்தோடு பின்னால் நிற்பது தெரியும் என்பது இன்னொன்று. நிழலில் தூங்கிக்கொண்டிருந்த வயதான குதிரைகூட அந்த நொடியில் பாய்ந்துவிடக்கூடும்.

ஓடிய குதிரை எதைக் கற்றது?

ஒருமுறை ஓடினால் என்ன, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. பயத்தில் பாயும் குதிரையின் வண்டி கவிழ்ந்து வார் அறுந்துபோனால், ‘ஓடினேன், தொல்லை ஒழிந்தது’ என்ற பாடம் ஆழமாகப் பதியும். தொடையில் அழுத்தம் தளர்ந்தபோது கற்ற அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது; கற்பித்தவர் மட்டும் மாறிவிட்டார். வார் அறுபடாமல் வண்டி கூடவே ஓடிவந்தாலோ, ‘இது விடாமல் துரத்துகிறது’ என்பது உறுதியாகி மிரட்சி ஏறும். இரண்டில் எது நடந்தாலும் நட்டம் குதிரைக்கும் மனிதருக்கும்தான். ஒரு தடவை வண்டியோடு ஓடிய குதிரையை மறுபடி நம்பி ஓட்டுவது மிகக் கடினம் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்.

லகானின் மறுமுனையில் இருப்பவர்

ஸ்வீடனில் லிண்டா கீலிங்கும் சக ஆய்வாளர்களும் 2009இல் ஒரு நூதனமான சோதனையை வெளியிட்டார்கள். மனிதர்கள் குதிரையைக் கையில் பிடித்தோ ஏறியோ ஒரு பாதையில் நான்கு முறை கடந்தார்கள். நான்காவது முறைக்கு முன், ‘இப்போது ஒரு குடை சட்டென்று விரியும்’ என்று அவர்களிடம் மட்டும் சொல்லப்பட்டது. குடை விரியவே இல்லை. ஆனால் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது.

குதிரை மனிதரை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதை இதற்கு நூறாண்டு முன்பே பெர்லினில் கண்டுகொண்டார்கள். வில்ஹெல்ம் வான் ஓஸ்டென் என்பவரின் ‘ஹான்ஸ்’ என்ற குதிரை கணக்குப் போடுகிறது, காலைத் தட்டி விடை சொல்கிறது என்று ஊரே வியந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் ஆராய்ந்து உண்மையைச் சொன்னார்: சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தன்னையறியாமல் அசைந்தது, ஹான்ஸ் அந்த அசைவைப் பார்த்து நிறுத்தியது. பெப்பருக்குப் பின்னால் லகான் பிடித்திருப்பவரின் விரல் இறுகினால் அது கடிவாளம் வழியே உடனே அவள் வாய்க்குப் போய்விடும். ‘ஏதோ ஆபத்து’ என்று நாமே சொல்லிவிட்டு, அவள் ஏன் மிரண்டாள் என்று கேட்டுப் பயனில்லை.

எப்போது ஏறி உட்காரலாம்?

இத்தனை வாரம், இத்தனை பாடம் என்று நாட்கணக்கு எதுவும் கிடையாது. கால அட்டவணை குதிரையின் உடம்பில் எழுதியிருக்கிறது; அதைப் படிக்கத் தெரியவேண்டும். தலை உயர்ந்து, மூக்குத்துளை விரிந்து, வால் இடுங்கினால் படி பெரிதாகிவிட்டது என்று பொருள். முந்தைய படிக்குத் திரும்புங்கள். தலை தாழ்ந்து, வாயை மென்று, ஒரு பின்காலைத் தளர்த்தி நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். வெறும் வண்டியோடு சரளையிலும், திருப்பத்திலும், இறக்கத்திலும் நடந்து, சொன்ன சொல்லுக்கு ஒவ்வொரு முறையும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் ஏறி உட்காரலாம். ஒருமுறை நிற்கவில்லை என்றாலும் இன்னும் நேரம் வரவில்லை.

சில குதிரைகள் எத்தனை பொறுமையாகப் பழக்கினாலும் வண்டிக்கு வராது. அவற்றைக் கட்டாயப்படுத்தாமல் விட்டுவிடுவதும் பயிற்சியில் சேர்த்திதான். முதன்முறையாக வண்டி பூட்டப்போகும் எவரும், ஏற்கெனவே பல குதிரைகளை வண்டிக்குப் பழக்கிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதைச் செய்ய வேண்டாம்.